299-க்கு மேல் ஏன் போவதில்லை?

கடலூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "உலகத்திலேயே வேகமான பைக் ஹயபூசா என்கிறார்கள். சிலர் கவாசாகி எச்2ஆர் என்கிறார்கள். ஷோரூமில் விற்கிற பெரிய பைக் எதை எடுத்தாலும் மணிக்கு 299 கி.மீ. வேகத்திலேயே நிற்கிறது. அதற்கு மேல் செய்ய கம்பெனிகளால் முடியவில்லையா? என் நண்பன் பாண்டிச்சேரி ஈ.சி.ஆரில் 299 தொட்டதாக வீடியோ காட்டுகிறான். நம்பலாமா?" மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: ஒரு பைக்கின் வேகம் என்று நமக்குச் சொல்லப்படும் எண் எங்கிருந்து வருகிறது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம்? கம்பெனி சொல்லும் எண், பத்திரிகைக்காரர்கள் கருவி வைத்து அளந்த எண், மீட்டரில் தெரியும் எண், இந்த மூன்றும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்துவிட்டுப் பல வருஷமாகப் புதுச்சேரியில் பட்டறை நடத்துகிறேன். பெரும்பாலும் வருவது 150, 200 சிசி வண்டிகள்தான். வார இறுதிக்கு மட்டும் வெளியே எடுக்கிற பெரிய பைக்குகளும் செயின், பிரேக், டயர் வேலைக்கு வரும். 300 கி.மீ. வேகத்தில் நான் போனதில்லை, போகிற எண்ணமும் இல்லை. ஆகவே மீட்டர், டயர், ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) பற்றி இங்கே சொல்வது கைவேலையில் தெரிந்தது. ஜப்பான் கம்பெனிகளின் போட்டி பற்றிச் சொல்வது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாரையும் போலப் படித்துத் தெரிந்துகொண்டது.

முதலில் போட்டி எதைப் பற்றியது என்று வரம்பு கட்டிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இந்தப் பேச்சு முடியவே முடியாது. அமெரிக்காவின் பொன்வில் உப்புச் சமவெளியில் 2010-ல் ஒரு இரண்டு சக்கர வண்டி மணிக்கு 605 கி.மீ. ஓடியது. அதற்குள் இருந்தவை இரண்டு ஹயபூசா எஞ்சின்கள்தான். ஆனால் அது ராக்கெட் மாதிரிக் கூட்டுக்குள் ஓட்டுநர் படுத்துக்கொண்டு ஓட்டுவது, அதை யாரும் கடையில் வாங்க முடியாது. 'புரொடக்ஷன் பைக்' என்றால் தொழிற்சாலையில் வரிசையாகச் செய்து, ஷோரூமில் வைத்து விற்று, ஆர்.டி.ஓ. நம்பர் கொடுத்து, நீங்களோ நானோ சாலையில் ஓட்டக்கூடியது. நான் இந்த அளவுகோலை வைத்துத்தான் பேசப்போகிறேன். இதை ஏற்காதவர்களுக்குப் பதில் வேறாக வரும்.

இந்த ஓட்டம் ரொம்பப் பழையது. 1948-ல் வந்த இங்கிலாந்தின் வின்சென்ட் பிளாக் ஷேடோ, 998 சிசி, இரட்டை சிலிண்டர், சுமார் 200 கி.மீ. போனது. அதன் ஸ்பீடாமீட்டரைப் படத்தில் பார்த்தால் தெரியும்: சாப்பாட்டுக்கு முன் வைக்கிற சின்னத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம், அதில் 150 மைல் வரை எண் போட்டிருக்கும். வண்டி போவதோ 125 மைல். மீட்டரில் கூடுதலாக எண் எழுதி ஆசை காட்டுகிற வழக்கம் அப்போதே இருந்திருக்கிறது. பிறகு 1969-ல் ஹோண்டா சிபி 750 வந்தது. கவாசாகியும் 750-ல் ஒன்று தயாரித்துக்கொண்டிருந்தது, ஹோண்டா முந்திக்கொண்டதால் அதைத் தள்ளிவைத்துவிட்டு 903 சிசி-யாகப் பெருக்கி 1972-ல் இசட்1 என்று இறக்கியது. ஒருவர் செய்ததைப் பார்த்து அடுத்தவர் சிசி-யைக் கூட்டும் இந்தப் பழக்கம்தான் அடுத்த 30 வருஷக் கதை.

1984-ல் கவாசாகி ஜிபிஇசட் 900ஆர், தண்ணீரால் குளிரும் நான்கு சிலிண்டர், 16 வால்வு, 240-ஐத் தாண்டியது. 1990-ல் அதே கவாசாகி இசட்இசட்ஆர் 1100-ஐக் கொண்டுவந்தது. இதில் ஒரு நல்ல தந்திரம்: முன்மூக்கில் ஒரு துளை வைத்து, வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றையே எஞ்சினுக்குக் காற்று போகும் பெட்டியான ஏர்பாக்ஸுக்குள் அழுத்தி அனுப்புவது. இன்று பந்தய வடிவில் வருகிற பெரிய பைக்குகளில் இது சாதாரணம். அந்த வண்டி 280 அளவில் போய் ஆறேழு வருஷம் முதலிடத்தை விடாமல் வைத்திருந்தது. 1996-ல் ஹோண்டா சிபிஆர் 1100 எக்ஸ்எக்ஸ் பிளாக்பேர்ட், 1137 சிசி, சுமார் 164 குதிரைத்திறன், 287 அளவில் போய் அதை மயிரிழையில் முந்தியது. 1999-ல் சுசூகி ஹயபூசா, 1298 சிசி, 175 குதிரைத்திறன் என்று கம்பெனி சொன்னது. பத்திரிகைச் சோதனைகளில் 300-ஐத் தாண்டியது, சில சோதனைகளில் 312 வரை பதிவானது. அதன் மீட்டரில் 350 வரை எண் இருந்தது.

இங்கே ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஹயபூசா ஏன் பேர் வாங்கியது என்பது அதில்தான் இருக்கிறது. வேகம் கூடக்கூட வண்டியின் முதல் எதிரி காற்று. காற்றைத் தள்ளத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு. ஓட்டுநர் டேங்க் மேல் படுத்துக்கொண்டு போகும் ஒரு பெரிய பைக்குக்கு நான் போட்ட உத்தேசக் கணக்கு இது: காற்றுக்கு மட்டும் 100 கி.மீ. வேகத்தில் 5 குதிரைத்திறன் போதும், 200-ல் 40, 300-ல் 140, 400-ல் 330. செயின், டயர், கியர் உராய்வுக்கு இதற்கு மேல் தனி. நமக்குப் பழகிய உதாரணம் வேண்டுமானால் யமஹா ஆர்எக்ஸ் 100. அதில் 11 குதிரைத்திறன், நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி, சுமார் 100-ல் மூச்சு முட்டும். நிமிர்ந்து உட்கார்ந்தால் காற்று அதிகம் பிடிக்கும், அதனால் அந்த 100-க்கே கிட்டத்தட்ட மொத்த சக்தியும் செலவாகிவிடும். 'போர் (சிலிண்டரின் உள்விட்டம்) பெருக்கினால் 140 போகும்' என்று அந்தக் காலத்தில் பட்டறைகளில் பேசாத ஆள் கிடையாது. 100-லிருந்து 140 போக ஏறக்குறைய மூன்று மடங்கு சக்தி வேண்டும், போர் பெருக்குவதில் அது வராது.

சரி, இப்போது பிளாக்பேர்டையும் ஹயபூசாவையும் பக்கத்தில் வையுங்கள். சக்தி 164-லிருந்து 175, அதாவது 7 சதவீதம் கூடுதல். மும்மடிக் கணக்குப்படி இதற்கு வேகம் 2 சதவீதம்தான் ஏற வேண்டும், 287 போய் 293 ஆக வேண்டும். ஆனால் 300-ஐத் தாண்டியது. மீதி வித்தியாசம் பெரும்பாலும் உடம்பின் வடிவத்தில் வந்திருக்க வேண்டும். சோதனை நடந்த நாள், காற்று, கம்பெனி சொன்ன சக்திக்கும் உண்மைக்கும் உள்ள இடைவெளி ஆகியவற்றுக்கும் பங்குண்டு, எதற்கு எத்தனை என்று துல்லியமாகப் பிரிக்க முடியாது. ஹயபூசாவை அழகில்லை, உப்பிய உடம்பு என்று முதலில் எல்லாரும் சொன்னார்கள். கிட்டே நின்று பார்த்தால் ஒவ்வொரு உப்பலும் காற்றுக்காக என்று புரியும். ஹெட்லைட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பது மூக்கைக் குறுக்க. சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கூம்பு, படுத்திருக்கும் ஆளின் முதுகில் வழுக்கி வரும் காற்றை ஒழுங்காக விட. அந்தக் கூம்பைக் கழற்றிவிட்டுப் பின்சீட்டு போட்டு ஓட்டுபவர்களே இங்கு அதிகம், அது வேறு விஷயம்.

ஹயபூசாவுக்குப் பதிலடியாக 2000-ல் கவாசாகி இசட்எக்ஸ்-12ஆர் வந்தது. 200 மைல், அதாவது 322 கி.மீ. தொடும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். தொடவில்லை, 300 பக்கத்திலேயே நின்றது. அடுத்து 2001-லிருந்து ஹயபூசாவும் 299-ல் அடங்கியது, மீட்டரிலிருந்து 350 போய்விட்டது. இதைத்தான் 'கனவான்கள் ஒப்பந்தம்' என்கிறார்கள். பெரிய கம்பெனிகள் கூடிப் பேசி, மணிக்கு 300-ஐத் தாண்டி விற்பதில்லை என்று ஒத்துக்கொண்டதாகச் செய்தி. கையெழுத்துப் போட்ட காகிதம் எதுவும் வெளியே வந்ததில்லை, ஆகவே யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்று எழுதுபவர்களை நம்ப வேண்டாம். ஆனால் விளைவு நிச்சயம். கவாசாகி 2006-ல் 1352 சிசி-யில் இசட்எக்ஸ்-14 இறக்கியது, சுசூகி 2008-ல் ஹயபூசாவை 1340 சிசி-யும் 197 குதிரைத்திறனுமாகப் பெருக்கியது. எஞ்சின் இவ்வளவு வளர்ந்தும் இரண்டும் 299-லேயே நின்றன. முடியாததால் நின்றிருந்தால் இரண்டு வேறு கம்பெனிகள், இரண்டு வேறு எஞ்சின்கள், ஒரே எண்ணில் வந்து நிற்காது.

காரணம் பயம். 90-களில் ஐரோப்பாவில் பைக் வேகத்துக்குச் சட்டம் போட வேண்டும் என்ற பேச்சு பலமாக இருந்தது. பிரான்சில் 100 குதிரைத்திறனுக்கு மேல் பைக் விற்கக்கூடாது என்ற சட்டம் ஏற்கனவே இருந்தது, அது 2016 வரை நீடித்தது. அரசாங்கம் கை வைப்பதற்கு முன் நாமே ஒரு கோடு போட்டுக்கொள்வோம் என்பது ஜப்பான் கம்பெனிகளுக்குப் புதிதும் இல்லை. அவர்கள் நாட்டில் விற்கும் வண்டிகளுக்கு 180 கி.மீ. வரம்பையும், பெரிய பைக்குகளுக்கு 100 குதிரைத்திறன் வரம்பையும் தாங்களாகவே வைத்திருந்தார்கள். சக்தி வரம்பு 2007-ல்தான் நீங்கியது. ஜப்பானில் செய்த ஹயபூசாவை ஜப்பான் ஷோரூமில் அதிகாரப்பூர்வமாக வாங்க 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்றால் பாருங்கள்.

299-ல் நிறுத்துவது எப்படி என்றும் சிலர் கேட்பார்கள். எஞ்சினைப் பலவீனமாக்குவதில்லை. எந்த கியரில் வண்டி இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்கு ஒரு சென்சார் சொல்லும். கடைசி கியரில் குறிப்பிட்ட சுற்றை எட்டியதும் கம்ப்யூட்டர் எஞ்சினை அடக்கிவிடும். பழைய ஹயபூசாக்களில் அந்த சென்சாரை ஏமாற்ற ஒரு சின்ன இணைப்பைச் சொருகி வரம்பை நீக்குவார்கள். அப்படி ஒரு வண்டி வந்தால் நான் முதலில் பார்ப்பது டயரைத்தான். டயரின் பக்கவாட்டில் வேகக் குறியீடு எழுத்தாக இருக்கும்: எச் என்றால் 210 வரை, வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270. டபிள்யூ அடைப்புக்குறிக்குள் இருந்தால் 270-க்கு மேலும் தாங்கும். பக்கத்திலேயே நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. நம் பக்கம் பெரிய பைக்குகள் வருஷத்தில் பாதி நாள் ஷெட்டில் உறைபோட்டு நிற்கும். டயரின் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடுகள்) தேயாமல் புதிது போல இருக்கும், நகத்தால் அழுத்தினால் பலகை மாதிரி இறுகியிருக்கும். கடல் காற்றில் செயின் கண்ணிகளில் துருவும் ஏறியிருக்கும். இந்த நிலையில் வரம்பை நீக்குவதைப் பற்றிப் பேசுபவரிடம் நான் டயர் விலையைத்தான் சொல்வேன்.

கோட்டைத் தாண்டியவர்களும் உண்டு. இத்தாலியின் எம்வி அகுஸ்டா 2007-ல் எஃப்4 வண்டிக்கு 312 என்றே பேர் வைத்தது, அந்த வேகம் போகும் என்று சொல்லித்தான் விற்றது. சின்னக் கம்பெனி, விற்ற எண்ணிக்கையும் குறைவு, பெரியவர்கள் பதிலுக்கு இறங்கவில்லை. அமெரிக்காவின் எம்டிடி, ஹெலிகாப்டரில் பொருத்தும் ரோல்ஸ் ராய்ஸ் டர்பைன் எஞ்சினையே பைக்கில் வைத்து, 365 வரை போகும் என்று சொல்லி விற்றது. ஆர்டர் கொடுத்தவருக்கு மட்டும் ஒவ்வொன்றாகச் செய்தது அது, 'புரொடக்ஷன்' என்று சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. மின்சாரத்தில் லைட்னிங் எல்எஸ்-218 என்ற வண்டி மணிக்கு 218 மைல், அதாவது 351 கி.மீ. என்று பேரிலேயே சொல்கிறது. 2011-ல் பொன்வில்லில் அந்த வேகம் ஓடியது அதன் பந்தய வடிவம்.

அப்புறம் எச்2ஆர். 2015-ல் வந்தது, 998 சிசி, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் சூப்பர்சார்ஜர், 310 குதிரைத்திறன். இதைக் கடையில் வாங்கலாம், ஆனால் நம்பர் பிளேட் கிடையாது, டிராக்கில் மட்டும்தான் ஓட்டலாம். 2016 ஜூன் 30 அன்று துருக்கியில், திறப்புக்குத் தயாராக இருந்த ஒஸ்மான் காசி பாலத்தை மூடிவைத்து, பந்தய வீரர் கெனான் சொஃபுவோக்லு 26 வினாடியில் 400 தொட்டார். சக்தி இருக்கிறதா என்றால் இருக்கிறது, மேலே சொன்ன 330 கணக்கோடு ஒத்துப்போகிறது. ஆனால் நாம் பார்த்த 400, வண்டியின் ஸ்பீடாமீட்டரில் தெரிந்த 400. சாதனைப் புத்தகத்தில் ஏற வேண்டுமானால் ஒரே பாதையில் போகவும் வரவும் ஓட்டி, தனிக் கருவியில் அளந்து, சராசரி எடுக்க வேண்டும். பின்காற்று ஒரு பக்கம் கொடுத்ததை மறுபக்கம் வாங்கிக்கொள்ளும் என்பதால்தான் அந்த விதி. காலாப்பட்டு பக்கம் மதியத்துக்கு மேல் கடல்காற்று எழும்பும்போது ஒரு திசையில் வண்டி 'இழுக்கும்', திரும்பினால் 'வாங்கும்' என்பது 125 சிசி ஓட்டுகிறவருக்கே தெரியும். சாலையில் ஓட்ட அனுமதியுள்ள எச்2 இதன் தம்பி, 200 குதிரைத்திறனோடு வந்து பின்னர் 231 ஆனது. அதுவும் மற்றவர்களோடு 299 வரிசையில்தான் நிற்கிறது.

ஆகவே முதல் கேள்விக்கு என் பதில்: நம்பர் பிளேட்டோடு, ஆயிரக்கணக்கில் விற்று, வெளியாட்கள் கருவி வைத்து அளந்தது என்ற மூன்றும் சேர்ந்தால், 1999, 2000-ல் வந்த முதல் ஹயபூசாதான் இந்தப் போட்டியின் கடைசி வெளிப்படையான வெற்றி. அதற்குப் பிறகு வந்தவை 300-ஐச் சுற்றியே இருப்பதால், எது ஒன்றிரண்டு கிலோமீட்டர் கூடுதல் என்று அடித்துச் சொல்பவர்கள் ஆசையில் சொல்கிறார்கள். 2021-ல் வந்த ஹயபூசாவில் சக்தி 197-லிருந்து 190 ஆகக் குறைந்தது, புகை விதிகள் இறுகியது அதற்கு ஒரு காரணம். மேல் வேகம் அதே 299. கம்பெனிக்காரர்கள் செலவு செய்தது சக்கரம் வழுக்காமல் பார்க்கிற எலக்ட்ரானிக்ஸிலும், வளைவில் சாய்ந்திருக்கும்போதும் வேலை செய்கிற ஏபிஎஸ்ஸிலும். என்னைக் கேட்டால் அது சரியான செலவு.

இனி உங்கள் நண்பர் வீடியோ. ஸ்பீடாமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது, கொஞ்சம் கூட்டிக் காட்டலாம் என்பதுதான் பெரும்பாலான நாடுகளின் விதி. சுமார் 10 சதவீதமும் அதற்கு மேல் சில கிலோமீட்டரும் கூட்டிக் காட்ட அனுமதி உண்டு. ஆகவே மீட்டரில் 299 என்றால் நிஜம் 280 அளவிலும் இருக்கலாம். இன்னொன்று ஸ்ப்ராக்கெட். சில வண்டிகளில் வேக சென்சார் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும். பிக்கப்புக்காகப் பின் ஸ்ப்ராக்கெட்டை 45 பல்லிலிருந்து 48 ஆக்கினால், சக்கரம் மெதுவாகச் சுற்றும், மீட்டருக்கு அது தெரியாது. ஆறேழு சதவீதம் பொய்யாகக் கூடும். அதே காரணத்தால், பின்சக்கரத்தை ஸ்டாண்டில் தூக்கி வைத்துவிட்டு கியர் போட்டு முறுக்கினாலும் அந்த வண்டிகளில் பெரிய எண் வரும். வீடியோவில் மீட்டர் மட்டும் தெரிந்து, சாலையும் ஹேண்டிலின் நடுக்கமும் தெரியாவிட்டால் நான் சந்தேகப்படுவேன்.

சாலைக் கணக்கும் இருக்கிறது. 300-ல் வண்டி ஒரு வினாடிக்கு 83 மீட்டர் போகும். அந்த வேகத்தை எட்டவே ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் வெற்றுச் சாலை வேண்டும். எதிரில் ஒன்றைப் பார்த்து பிரேக்கை முழுசாகப் பிடித்து நிற்க ஏறக்குறைய அரை கிலோமீட்டர். காலாப்பட்டிலிருந்து மரக்காணம் வரை மீன்கூடை ஏற்றிய டிவிஎஸ் எக்ஸ்எல்லோ, ஊர்ப் பிரிவில் திரும்பும் ஆட்டோவோ, டவுன் பஸ்ஸோ இல்லாத இரண்டு கிலோமீட்டரை உங்கள் நண்பர் எங்கே பிடித்தார் என்று கேளுங்கள். நான்குவழிச் சாலையிலும் பைக்குக்கு மத்திய அரசின் 2018 அறிவிப்பில் இருக்கும் வரம்பு 80, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் வண்டியின் நிஜ வேகம் தெரிய வேண்டுமானால் 299 தேவையில்லை. போனில் ஜிபிஎஸ் வேகம் காட்டும் செயலி ஒன்றைப் போட்டுப் பையில் வைத்துக்கொண்டு, நேரான சாலையில் மீட்டரில் 60 வைத்து ஒரே சீராக ஒரு நிமிஷம் ஓட்டிவிட்டு, நிறுத்தியபின் பதிவைப் பாருங்கள். 55, 56 இருந்தால் எல்லா வண்டியும் போலத்தான். 52-க்குக் கீழே இருந்தால் ஸ்ப்ராக்கெட்டையோ டயர் அளவையோ யாரோ மாற்றியிருக்கலாம். முழு வேகம் போய்ப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக் இருக்கிறது. டிராக் நாள் அறிவிக்கும்போது ஹெல்மெட், லெதர் சூட்டோடு பணம் கட்டிப் போகலாம். அங்கே நேர்பாதை குட்டை, 299 வராது, ஆனால் வளைவில் எங்கே பிரேக் பிடிக்க வேண்டும் என்று ஒரு நாளில் கற்றுக்கொண்டு வருவீர்கள்.